ஏழு மூச்சு

நான்கு மணி நேரம் கடலில் அலைந்தபின் அந்த நீலத்திமிங்கிலம் எங்களுக்குத் தென்பட்டது. முதலில் வெண்ணிறத் தூண் ஒன்று நீரிலிருந்து எழுந்து காற்றில் கரைந்தது. அது கரைந்த பிறகுதான், அடைத்து வைத்த காற்றை ஒரே மூச்சில் திறந்துவிட்டதுபோன்ற அந்தச் சத்தம் எங்களை வந்து சேர்ந்தது. சாம்பல் படர்ந்த நீல முதுகு நீருக்கு மேலே வந்து, நகர்ந்து, இன்னும் நகர்ந்து, இனி முடியாதோ என்று தோன்றும் வேளையில் மிகச் சிறிய முதுகுத் துடுப்பைக் காட்டிவிட்டு அமிழ்ந்தது. மறுபடியும் எழுந்தது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். ஏழு முறை மூச்சு விட்டது. ஏழாவது மூச்சுக்குப் பிறகு முதுகை உயர வளைத்து, வாலை ஒரு கணம் தூக்கி, நேர்கீழாக இறங்கிவிட்டது. அது இறங்கிய இடத்தில், எண்ணெய் பூசியதுபோல் வழவழப்பான ஒரு வட்டம் மட்டும் அலையில்லாமல் சற்று நேரம் நின்றது. அந்த வட்டமும் கலைந்தபோது, என் அருகில் அமர்ந்திருந்த பெரியவர் மெல்லக் கேட்டார்: “அவ்வளவுதானா?”

அவர் குறையாகவோ ஏமாற்றத்துடனோ கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பினார். நானும் எனக்குத் தெரிந்ததையெல்லாம் சொன்னேன். 30 மீட்டருக்கும் மேல் நீண்டவை அளக்கப்பட்டிருப்பதையும், எடை 150 டன்னைத் தாண்டும் என்பதையும், 2014ஆம் ஆண்டு கனடாவின் நியூஃபவுண்ட்லாந்து கரையோரத்தில் இறந்த ஒரு நீலத்திமிங்கிலத்தின் இதயம் ஏறத்தாழ 180 கிலோ இருந்ததையும், அதைப் பதப்படுத்தி டொராண்டோ அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைத்ததையும் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “பெரியதுதான் ஐயா. ஆனால் அது கீழே போய் என்ன செய்துகொண்டிருக்கும்?” என்றார். அதற்கு மேல் என்னால் பேச முடியவில்லை. பல ஆண்டுகளாக இந்த விலங்குகளை நேசிப்பதாக நினைத்துக்கொண்டிருந்த நான், அவற்றின் அளவை மட்டுமே மனப்பாடம் செய்து வைத்திருந்தேன் என்பது அந்தப் படகில்தான் எனக்குத் தெரியவந்தது. நாங்கள் பார்த்தது ஒரு திமிங்கிலத்தின் மூச்சை மட்டுமே. அதன் வாழ்க்கை, ஏழாவது மூச்சுக்குப் பிறகு தொடங்கியது.

அளந்து பழகிய கண்

அளவில் மயங்குவது இன்று நேற்று வந்த பழக்கமன்று. திமிங்கிலம் என்ற சொல்லே அப்படிப் பிறந்ததுதான். திமி என்பது ஒரு பெருமீன். அதை விழுங்குவது திமிங்கிலம். அதையும் விழுங்குவது திமிங்கிலகிலம். ஒன்றை ஒன்று விழுங்கி ஏறிக்கொண்டே போகும் இந்த ஏணியை நம் முன்னோர் வடமொழி மரபிலிருந்து பெற்றுத் தம் கவிதையிலும் வைத்தார்கள். அழகான கற்பனை அது. ஆனால் உலகில் உள்ள மிகப் பெரிய உயிரோ எந்தப் பெருமீனையும் விழுங்குவதில்லை. அதன் தொண்டை குறுகலானது. அது தின்பது கூனி இறாலைப் போன்ற கிரில் என்னும் சிற்றுயிரை; அன்டார்க்டிக் கிரில்லின் முழு வளர்ச்சியே ஏறத்தாழ 6 சென்டிமீட்டர்தான். நீலத்திமிங்கிலம், துடுப்புத் திமிங்கிலம், கூன்முதுகுத் திமிங்கிலம், வில்தலைத் திமிங்கிலம் ஆகிய இந்தக் கூட்டம் முழுவதற்கும் பல் கிடையாது. கருவில் இருக்கும்போது பல்லின் முளைகள் தோன்றுகின்றன; பிறப்பதற்கு முன்பே உடல் அவற்றைத் திரும்ப உள்வாங்கிக்கொள்கிறது. அந்த இடத்தில் நம் நகமும் முடியும் ஆன அதே கெரட்டினால், சல்லடைபோல் நீரை வடிக்கும் பலீன் தகடுகள் வரிசையாகத் தொங்குகின்றன. பல் முளைத்து மறையும் அந்தச் சில மாதங்களைப் பற்றி முதன்முதலாகப் படித்த நாளில் நான் வேறு எதையும் படிக்கவில்லை. எப்போதோ பல்லோடு திரிந்த மூதாதையரின் நினைவை, ஒவ்வொரு கன்றும் தாயின் வயிற்றுக்குள் ஒருமுறை கடந்து வருகிறது.

அளவிடும் பழக்கம் கவிஞர்களோடு நின்றிருந்தால் தீங்கில்லை. 20ஆம் நூற்றாண்டில் வேட்டைத் தொழில் ஓர் அலகையே உருவாக்கியது. ‘நீலத்திமிங்கில அலகு’ என்று அதற்குப் பெயர். ஒரு நீலத்திமிங்கிலம், இரண்டு துடுப்புத் திமிங்கிலங்களுக்கோ, இரண்டரை கூன்முதுகுத் திமிங்கிலங்களுக்கோ, ‘சேய்’ (sei) என்னும் வகையைச் சேர்ந்த ஆறு திமிங்கிலங்களுக்கோ சமம். கிடைக்கும் எண்ணெயை வைத்துச் செய்த கணக்கு இது. திமிங்கிலங்களைக் காக்கவும் வேட்டையை ஒழுங்குபடுத்தவும் 1946ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின் வழி உருவான சர்வதேச ஆணையமும் அன்டார்க்டிக் கடலுக்கான ஆண்டு வரம்பை 1972 வரை இந்த அலகிலேயே வகுத்தது. எந்த இனம் அழிந்துகொண்டிருக்கிறது என்பது அந்த அலகுக்குள் தெரியாது. நீலம் கிடைக்காவிட்டால் இரண்டு துடுப்பைக் கொன்று கணக்கை நேர்செய்துகொள்ளலாம். 1930-31 பருவத்தில் மட்டும் அன்டார்க்டிக் கடலில் 29,000க்கும் மேற்பட்ட நீலத்திமிங்கிலங்கள் கொல்லப்பட்டன. இரண்டு லட்சத்துக்கும் மேல் இருந்தவை 1970களின் தொடக்கத்தில் சில நூறாகச் சுருங்கின. அந்த நூற்றாண்டில் எல்லா வகையும் சேர்ந்து உலகெங்கும் கொல்லப்பட்ட திமிங்கிலங்கள் ஏறத்தாழ 29 லட்சம். ‘இரண்டரை கூன்முதுகு’ என்ற சொற்றொடரை நான் எழுதிப் பார்த்துவிட்டு நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த அரைத் திமிங்கிலத்துக்கும் ஒரு தாய் இருந்திருக்கும்.

இப்போது வேறொரு கணக்கு வந்திருக்கிறது. திமிங்கிலத்தின் கழிவிலுள்ள இரும்புச்சத்து மேல்மட்ட நீரில் நுண்பாசிகளை வளர்க்கிறது. அவை காற்றிலுள்ள கரியமில வாயுவை உள்ளிழுக்கின்றன. இறந்தபின் திமிங்கிலத்தின் உடல் தன்னுள் சேர்ந்த கரிமத்தோடு ஆழ்கடலில் இறங்கிவிடுகிறது. இவற்றையெல்லாம் கூட்டி, ஒரு பெருந்திமிங்கிலத்தின் மதிப்பு 20 லட்சம் டாலருக்கும் மேல் என்று சர்வதேச நாணய நிதியத்தின் சஞ்சிகையில் 2019ஆம் ஆண்டு ஒரு கட்டுரை மதிப்பிட்டது. நல்லெண்ணத்தோடு எழுதப்பட்ட கட்டுரை என்பதில் எனக்கு ஐயமில்லை. அதில் சொல்லப்பட்ட கடலியல் முறைகள் உண்மையானவை. இருந்தும், ‘யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்’ என்ற பழமொழி நினைவுக்கு வந்து என்னைத் தொந்தரவு செய்தது. செத்தால் எண்ணெய்க் கணக்கு, உயிரோடிருந்தால் டாலர்க் கணக்கு என்றால், விலை மாறும் நாளில் அந்த விலங்கின் கதி என்ன? படகில் அந்தப் பெரியவர் கேட்டது அதன் பயனையும் அன்று, அதன் அளவையும் அன்று. அது என்ன செய்துகொண்டிருக்கும் என்று கேட்டார்.

கீழே

அதைத் தெரிந்துகொள்ள முயன்றவர்கள் நெடுங்காலம் வேட்டைக் கப்பல்களையே நம்பியிருந்தார்கள். 1930களில் பிரிட்டனின் டிஸ்கவரி ஆய்வுக் குழுவினர் எண் பொறித்த உலோகக் குழாய்களைத் திமிங்கிலங்களின் கொழுப்புக்குள் சுட்டார்கள். அந்தத் திமிங்கிலம் பின்னொரு நாள் எங்கோ கொல்லப்பட்டு, அறுக்கும்போதோ கொதிகலனில் உருக்கும்போதோ குழாய் கிடைத்தால், அது எங்கிருந்து எங்கே போயிற்று என்பது தெரியவரும். ஒரு பயணத்தின் இரு முனைகள் மட்டும் தெரியும். நடுவில் உள்ளது தெரியாது. இரண்டாம் முனை எப்போதும் சாவாகவே இருந்தது.

உறிஞ்சு கிண்ணத்தால் முதுகில் ஒட்டி, சில மணி நேரத்தில் தானே கழன்றுவிடும் சிறு கருவிகள் வந்த பிறகுதான் நடுப்பகுதி கொஞ்சம் வெளிப்பட்டது. கலிஃபோர்னியாவின் மான்டெரே விரிகுடாவில் ஒரு நீலத்திமிங்கிலத்தின் இதயத் துடிப்பை இப்படிப் பதிவுசெய்து, ஜெரமி கோல்ட்போகனும் அவருடைய குழுவினரும் 2019இல் வெளியிட்டார்கள். மேலே மூச்சு வாங்கும்போது நிமிடத்துக்கு 25 முதல் 37 முறை துடிக்கும் அந்த இதயம், ஆழத்தில் நிமிடத்துக்கு இரண்டு முறை வரை இறங்கியிருந்தது. இதைப் படித்த அன்று கைக்கடிகாரத்தை முன்னால் வைத்துக்கொண்டு அரை நிமிட இடைவெளியை உணர முயன்றேன். ஒரு துடிப்பு. பிறகு ஒன்றும் இல்லை. இன்னும் ஒன்றும் இல்லை. நான் பல எண்ணங்களை எண்ணி முடித்த பிறகு, மறு துடிப்பு. நாங்கள் மேலே அந்த ஏழு மூச்சைப் பார்த்து நின்றபோது, உள்ளே அந்த இதயம் தன்னால் இயன்ற எல்லையை ஒட்டி விரைந்து அடித்துக்கொண்டிருந்திருக்கும். முந்தைய ஆழத்தில் பட்ட கடனை அடைத்து, அடுத்த ஆழத்துக்கான காற்றைச் சேர்த்துக்கொண்டிருந்திருக்கும். எங்களுக்கு ஓய்வாகத் தெரிந்தது அதன் உழைப்பின் உச்சம்.

அந்த ஆழத்தில் அது இரை தேடுகிறது. கிரில் கூட்டத்தை நோக்கி வேகமெடுத்துப் பாய்ந்து வாயைத் திறக்கிறது. தாடையின் அடியிலிருந்து தொப்புள் வரை ஓடும் மடிப்புகள் விரிந்து, தன் உடல் எடைக்கு நிகரான நீர் உள்ளே புகுகிறது. அந்த நீரின் தடையாலேயே திமிங்கிலம் ஏறத்தாழ நின்றுவிடுகிறது. பிறகு நாவாலும் தொண்டைத் தசைகளாலும் நீரைப் பலீன் வழியே வெளியே தள்ளி, சிக்கியதை விழுங்குகிறது. இந்தப் பாய்ச்சலை ஒருங்கிணைக்கும் உணர்வுறுப்பு ஒன்று கீழ்த்தாடையின் இரு எலும்புகளும் கூடும் முனையில் இருப்பது 2012ஆம் ஆண்டுதான் அறிவிக்கப்பட்டது. பல லட்சம் உடல்களை அறுத்த தொழிலின் கண்ணில் அது படவில்லை என்பதை நான் மறக்க முயல்வதில்லை. இரை மிகுந்த பருவத்தில் வட பசிபிக்கின் நீலத்திமிங்கிலம் நாளொன்றுக்கு 16 டன் வரை உண்ணக்கூடும் என்று 2021ஆம் ஆண்டின் ஆய்வு கூறுகிறது. அதே கூட்டத்தைச் சேர்ந்த கூன்முதுகும் சாம்பல் திமிங்கிலமும் ஆண்டின் மறுபாதியில் பெரும்பாலும் உண்பதே இல்லை. வெதுவெதுப்பான கடலில் கன்று ஈன்று, கோடையில் சேர்த்த கொழுப்பைப் பாலாக்கி ஊட்டிக்கொண்டு, தாய் பட்டினி கிடக்கிறது.

அந்தத் தாயும் கன்றும் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதை ஆஸ்திரேலியாவின் எக்ஸ்மவுத் வளைகுடாவில் ஆய்வாளர்கள் கேட்டிருக்கிறார்கள். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் ஆண் பாடும் பாட்டு உலகறிந்தது. ராஜர் பேய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971இல் அதைப் பாட்டு என்றே அறிவியல் இதழில் எழுதினார்கள். ஆனால் தாயும் கன்றும் எழுப்புவது, மிக அருகில் இருப்பவருக்கு மட்டும் கேட்கக்கூடிய முனகல்கள். கன்றைத் தின்னும் ஓர்க்காக்கள் என்ற கொலைத் திமிங்கிலங்கள் கேட்டுவிடக்கூடும். தாயைத் தேடும் ஆண்களும் கேட்டுவிடக்கூடும். ஆகவே கிசுகிசுக்கின்றன. 2017இல் வெளியான இந்தச் செய்தி என்னை எந்த இதய எடையும் தொடாத இடத்தில் தொட்டது. தொட்டிலருகே குரலைத் தாழ்த்திக்கொள்ளாத தாயை நான் கண்டதில்லை.

குறும்பி

இவ்வளவையும் சேர்த்த பிறகும் பெரியவரின் கேள்விக்கு அரைப் பதில்தான் என்னிடம் இருந்தது. ஒரு முக்குளிப்பைப் பற்றிச் சொல்ல முடிந்தது. ஒரு நாளைப் பற்றிச் சொல்ல முடிந்தது. ஒரு வாழ்நாளைப் பற்றிச் சொல்ல முடியவில்லை. யாரும் கூடவே இருந்து பார்க்காத ஒரு வாழ்நாளை எப்படிச் சொல்வது? அதற்கான விடை நான் சற்றும் எதிர்பாராத இடத்தில், அதன் காதுக்குறும்பியில் இருந்தது.

பலீன் திமிங்கிலத்தின் செவித்துளை வெளிப்பக்கம் அடைபட்டிருக்கும். உள்ளே சேரும் குறும்பி வெளியேற வழியில்லாமல் ஆண்டுக்கணக்கில் இறுகி, நீண்ட தண்டாக வளர்கிறது. இரை உண்ணும் பருவத்தில் வெளிர்நிறப் படலம், இடம்பெயரும் பருவத்தில் கருநிறப் படலம் என்று மரத்தின் வளையங்களைப் போல அது மாறி மாறிப் படிகிறது. 1950களிலேயே இந்தப் படலங்களை எண்ணி வயதைக் கணிக்கத் தொடங்கிவிட்டார்கள். வேட்டைக் கப்பல்களிலிருந்து வந்த குறும்பித் தண்டுகள் அருங்காட்சியகங்களின் அலமாரிகளில் கிடந்தன. எண்ணியவர்களுக்கு அது ஓர் எண்ணைத் தரும் பொருள், அவ்வளவுதான். ஸ்டீபன் டிரம்பிளும் சாஷா உசென்கோவும் படலங்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, அவற்றில் தங்கியிருந்த வேதிப்பொருள்களை அளந்தார்கள். 2007இல் கலிஃபோர்னியாவின் சாண்டா பார்பரா அருகே கப்பல் மோதி இறந்த ஆண் நீலத்திமிங்கிலம் ஒன்றின் குறும்பி அது. ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளம். திமிங்கிலத்துக்கு வயது பன்னிரண்டு இருக்கும். அதன் முதல் ஆறு மாதப் படலத்தில் பூச்சிக்கொல்லி போன்ற நச்சுப் பொருள்கள் மிகுந்திருந்தன. கருவிலும் பாலிலும் தாயிடமிருந்து வந்தவை அவை. அது பருவமெய்திய காலம், ஏறத்தாழ பத்து வயதில், ஆண்மைச் சுரப்புநீரான டெஸ்டோஸ்டிரோன் சட்டென்று உயர்ந்ததால் தெரிந்தது. உடலின் நெருக்கடியைக் காட்டும் கார்டிசால் ஏறியிறங்கிய தடமும் இருந்தது. 2013இல் வெளியான அந்தக் கட்டுரையை, அப்படி எழுதும் நோக்கம் ஆய்வாளர்களுக்கு இல்லாவிட்டாலும், நான் ஒரு வாழ்க்கை வரலாறாகவே படித்தேன். தாயிடம் பால் குடித்தது, தனியே பிரிந்தது, வளர்ந்தது, துணை தேடும் வயதை எட்டியது, அந்த வயதை எட்டிய சிறிது காலத்திலேயே ஒரு கப்பலின் முகப்பில் முடிந்தது.

அதே குழுவினர் அடுத்துச் செய்தது இதைவிடப் பெரிது. அருங்காட்சியகங்களில் இருந்த துடுப்பு, கூன்முதுகு, நீலத் திமிங்கிலங்களின் இருபது குறும்பித் தண்டுகளை எடுத்து, 1870இலிருந்து 2016 வரையிலான கார்டிசால் அளவைக் கோடாக வரைந்து, அதை வேட்டைக் கணக்குகளோடு ஒப்பிட்டு 2018இல் வெளியிட்டார்கள். 20ஆம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் இரண்டு கோடுகளும் சேர்ந்தே நடக்கின்றன. வேட்டை ஏறினால் கார்டிசாலும் ஏறுகிறது. 1960களில் உச்சத்தைத் தொடுகிறது. வேட்டை குறைந்தபோது இறங்குகிறது. நடுவில் ஓரிடத்தில் கோடுகள் பிரிகின்றன. இரண்டாம் உலகப்போரின் ஆண்டுகளில் வேட்டை வீழ்ந்துவிட்டது. வேட்டைக் கப்பல்கள் வேறு பணிக்குப் போயிருந்தன. ஆனால் திமிங்கிலங்களின் கார்டிசால் உயர்ந்தது. நீர்மூழ்கிகள், ஆழ்நீர் வெடிகள், போர்க்கப்பல்கள் ஆகியவற்றின் இரைச்சல் அதற்குக் காரணமாக இருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் கருத்து.

இந்த வரைபடத்தின் முன் நான் நின்ற இடத்திலிருந்து என்னால் எளிதில் நகர முடியவில்லை. ஒரு படலம் படிய வேண்டுமென்றால் அந்தத் திமிங்கிலம் அந்தப் பருவத்தில் உயிரோடு இருந்திருக்க வேண்டும். அப்படியென்றால் அந்தக் கோடு கொல்லப்பட்டவற்றின் வலியைக் காட்டவில்லை. தப்பியவற்றின் உடல் எதைத் தாங்கியது என்பதைக் காட்டுகிறது. அருகில் ஓடிய இயந்திரங்களை அவை கேட்டிருக்க வேண்டும். ஈட்டியின் வெடியையும், கூட இருந்தது காணாமல் போனதையும் ஏதோ ஒரு வகையில் அறிந்திருக்க வேண்டும். அவற்றுக்கு நம்மைப் போன்ற துயரம் உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. அதைச் சொல்லும் உரிமை குறும்பியிலுள்ள ஒரு வேதிப்பொருளுக்கு இல்லை. ஆனால் நம் நூற்றாண்டு அவற்றுக்குள் பதிவாகியிருக்கிறது என்பது மட்டும் ஐயத்துக்கு இடமில்லாமல் தெரிகிறது. நாம் அவற்றை எண்ணெயில் அளந்துகொண்டிருந்த அதே ஆண்டுகளில், அவை நம்மைத் தம் செவிக்குள் எழுதிக்கொண்டிருந்தன. அலாஸ்கா அருகே 2007இல் பிடிபட்ட வில்தலைத் திமிங்கிலம் ஒன்றின் உடலில், 1879இல் காப்புரிமை பெற்ற வகையைச் சேர்ந்த வெடியீட்டியின் துண்டு கிடைத்தது. நூறாண்டுக்கும் மேலாக அதைச் சுமந்துகொண்டு அது பனிக்கடலில் வாழ்ந்திருக்கிறது. அந்த இனத்தில் இருநூறு ஆண்டு கடந்தவையும் இருக்கக்கூடும். இவ்வளவு காலம் சுமக்கும் உடலிடம் நாம் எதைக் கொடுக்கிறோம் என்பதில் கவனம் வேண்டாமா?

சுமை இறங்கியதையும் ஒருமுறை அளந்திருக்கிறார்கள். கனடாவின் ஃபண்டி விரிகுடாவில் ரோசலிண்ட் ரோலண்டும் மற்றவர்களும் வட அட்லாண்டிக் ரைட் திமிங்கிலங்களின் கழிவை நீரின் மேலிருந்து சேகரித்து, அதிலுள்ள நெருக்கடியைக் காட்டும் சுரப்புநீர்களை அளந்துவந்தார்கள். 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்குப் பின்னான நாள்களில் அங்கே கப்பல் போக்குவரத்து குறைந்தது. நீரடி இரைச்சல் 6 டெசிபல் தாழ்ந்தது. அந்த நாள்களின் கழிவில் சுரப்புநீர்களின் அளவும் தாழ்ந்திருந்தது. பல ஆண்டுகள் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு 2012இல் அதை வெளியிட்டார்கள். மனிதர்கள் நிலத்தில் உறைந்து நின்ற அந்தச் சில நாள்களில், அந்த விரிகுடாவில் இருந்த தாயும் கன்றும் தங்களுக்குள் பேசுவதை முன்னிலும் தெளிவாகக் கேட்டிருக்கக்கூடும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இன்று அந்த இனத்தில் எஞ்சியிருப்பவை நானூறுக்கும் குறைவு. அவற்றைக் கொல்வது இப்போது ஈட்டியன்று. கப்பல் மோதலும் மீன்பிடிக் கயிறும்தான்.

அந்தப் பெரியவரின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. இன்று சந்திக்க நேர்ந்தால், இதயத்தின் எடையைச் சொல்ல மாட்டேன். அரை நிமிடத்துக்கு ஒரு துடிப்பையும், கிசுகிசுப்பையும், குறும்பியையும் சொல்வேன். இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அந்த ஏழு மூச்சும் எங்களுக்கு அவ்வளவு தெளிவாகக் கேட்டதற்குக் காரணம், தூண் எழுந்தவுடன் படகோட்டி இயந்திரத்தை நிறுத்தியதுதான். அதற்கு முன் நான்கு மணி நேரம் அது ஓடிக்கொண்டே இருந்தது. திமிங்கிலம் மறைந்தபின் மறுபடி ஓடியது. அது இரை தேடும் பருவம். ஆகவே அந்தத் திமிங்கிலத்தின் செவிக்குள் அப்போது படிந்துகொண்டிருந்தது வெளிர்நிறப் படலமாக இருக்கும். ஆறு மாதத்தைத் தாங்கும் அந்தப் படலத்தில் மயிரிழையிலும் மெல்லிய ஒரு பங்கு அன்றைய பகலுக்கு உரியது. எங்கள் இயந்திரம் ஓடிய நேரமும், அது நின்றிருந்த சில நிமிடங்களும் அதற்குள்ளே இருக்கும்.